சுவரில் மாட்டிய திரைக்கு முழு மதிப்பெண், போனில் இருக்கும் ஆப்புக்குப் பாதிதான்: எங்கள் வீட்டு ஸ்மார்ட் மீட்டர் சேவை

எங்கள் மின் நிறுவனம் தரும் ஸ்மார்ட் மீட்டர் சேவையை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே தொகுப்பைத்தான் வேறு வேறு பெயர்களில் பல நாடுகளில் பல நிறுவனங்கள் வீடுகளுக்குக் கொடுக்கின்றன, அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக்கு வரப்போகும் சேவைக்கும் பொருந்தும். தொகுப்பில் என்னென்ன இருக்கின்றன என்றால், அரை மணி நேரத்துக்கு ஒரு ரீடிங்கைத் தானே அனுப்பும் மீட்டர், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள உள்ளங்கை அளவில் ஒரு டிஸ்பிளே, போனுக்கு ஒரு ஆப், நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம், உச்ச நேரத்தில் குறைத்துக்கொண்டால் பில்லில் கழிவு தரும் திட்டம், அப்புறம் மாதம் ஒரு அறிக்கை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்பிளே அருமை. நேரக் கட்டணம் சில வீடுகளுக்கு நல்லது, சில வீடுகளுக்குக் கூடாது. ஆப் சுமார். கழிவுத் திட்டம் நல்ல யோசனை, ஆனால் தப்பான ஆளிடம் போய்ச் சேருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குறைதான் இருக்கிறது. பில்லில் பெயர் இருப்பவர்தான் அந்த வீடு என்று இந்தச் சேவை நம்புகிறது. எங்கள் வீட்டு மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கிறது. துணி துவைப்பது எப்போது, தண்ணீர் ஹீட்டரைப் போடுவது எப்போது என்று முடிவு செய்வது அம்மாவும் அண்ணியும். எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்பதை மாற்றச் சொல்லும் ஒரு சேவை, அதை முடிவு செய்பவரிடம் பேசவே பேசாவிட்டால் எப்படி?

சரி, நல்லதில் இருந்து தொடங்குகிறேன்.

டிஸ்பிளேயில் பெரிய எண்ணில் அந்த நொடியில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரியும், கீழே ஒரு விளக்கு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும். ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒரு முறை எண் புதுப்பிக்கப்படுகிறது. பாஸ்வேர்டு இல்லை, திறக்க வேண்டிய மெனு இல்லை, கண்ணாடி தேட வேண்டியதில்லை. பொருத்த வந்தவர் அதை மீட்டர் பக்கத்திலேயே வாசல் ஓரமாக வைக்கப் பார்த்தார். நாங்கள் கேட்டு வாங்கி, சமையலறைக்குள் நுழையும் இடத்தில் சுவரில் மாட்டினோம். இந்தச் சேவையில் நாங்கள் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான், உங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் வாரத்திலேயே அம்மா கேட்டார், "என்னம்மா, திடீர்னு சிவப்பா எரியுது, யார் என்ன போட்டீங்க?" "அண்ணி ஹீட்டர் போட்டிருக்காங்கம்மா." "ஒரு ஹீட்டருக்கா இவ்வளவு?" அந்த ஒரு கேள்வியில் வீட்டில் பல வருடமாக இருந்த கணக்கு தலைகீழானது. அதுவரை எங்கள் வீட்டில் மிச்சம் பிடிப்பது என்றால் விளக்கை அணைப்பது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் திட்டு விழும். இப்போது திரையைப் பார்த்தால் ஒரு எல்இடி விளக்கை அணைத்தால் எண்ணில் 9 வாட் குறைகிறது, குறைந்ததா இல்லையா என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை, ஹீட்டரைப் போட்டால் 2000 வாட்டுக்கு மேல் ஒரே தாவலில் ஏறுகிறது. தேவையில்லாமல் கால் மணி நேரம் ஹீட்டர் ஓடுவதும் அந்த விளக்கு இரண்டு நாளுக்கு மேல் இரவும் பகலும் எரிவதும் ஒரே செலவு. இதைக் கட்டுரை எழுதிப் புரியவைக்க முடியாது, எண் கண் முன்னால் தாவ வேண்டும். சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் கரன்ட்டைக் குடிக்கின்றன, வெளிச்சமும் சத்தமும் கொஞ்சம்தான் குடிக்கின்றன என்பதை அம்மா இப்போது வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்கிறார்.

அடுத்த பெரிய லாபம் இரவில் கிடைத்தது. எல்லாரும் படுத்த பிறகு திரையில் மிச்சம் நிற்கும் எண்ணைப் பாருங்கள். யாரும் எதையும் பயன்படுத்தாதபோதும் வீடு இழுத்துக்கொண்டிருக்கும் லோடு அது. ஃபிரிட்ஜ், ரௌட்டர் இரண்டும் புரிகிறது. அதற்கு மேல் ஏன் இவ்வளவு என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தோம், டிவி பெட்டி, பழைய ஸ்பீக்கர், யாரும் தொடாத பிரிண்டர், எப்போதும் செருகியே இருந்த சார்ஜர்கள் என்று பட்டியல் நீண்டது. ஒரு வருடத்துக்கு 8760 மணி நேரம், ஆக 10 வாட் சும்மா ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 88 யூனிட், ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லாமல். சர்வதேச எரிசக்தி முகமை 1999 இலேயே, எந்தக் கருவியும் காத்திருக்கும் நிலையில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று இலக்கு வைத்துப் பேசியது, அதற்குப் பிறகு வந்த கருவிகள் பெரும்பாலும் பரவாயில்லை. வீட்டில் தங்கிப்போன பழசுகள்தான் பிரச்சினை.

டிஸ்பிளேயில் குறை இல்லாமல் இல்லை. வாட்டுக்குப் பதிலாகப் பணத்தைக் காட்டும்படி மாற்றினால், அன்றைய நிலைக்கட்டணத்தையும் நள்ளிரவிலேயே சேர்த்துவிடுகிறது, அதனால் காலையில் எழுந்து பார்த்தால் ஒன்றுமே போடாமல் ஒரு தொகை ஓடியிருக்கும். அம்மா இதைப் பார்த்துவிட்டு மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தார். வாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சில வாரங்களில் புதுமை போய்விடும், சிவப்பு எரிந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கற்றுக்கொண்டது போகவில்லை, எங்கள் வீட்டில் ஹீட்டர் பழக்கம் மாறியது மாறியதுதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அயர்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் வணிகர்களையும் வைத்து மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு பெரிய சோதனை நடத்தி 2011 இல் முடிவுகளை வெளியிட்டது. நேரக் கட்டணத்தோடு கூடுதல் தகவல்களையும் கொடுத்த வீடுகளில் மொத்தப் பயன்பாடு 2.5 சதவீதமும் உச்ச நேரப் பயன்பாடு 8.8 சதவீதமும் குறைந்தன. வீட்டுக்குள் டிஸ்பிளே வைத்த குழுவில் உச்ச நேரக் குறைவு 11.3 சதவீதம் வரை போனது. மொத்தத்தில் பெரிதாக ஒன்றும் மிச்சம் ஆகவில்லை, நேரம்தான் நகர்ந்தது என்பதைக் கவனியுங்கள். ஸ்மார்ட் மீட்டர் வைத்தால் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரம் நகர்வது அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். முக்கியம்தான், எனக்கு இதில்தான் உண்மையான அக்கறை. மின்சாரத்தை உற்பத்தி செய்த அந்த நொடியிலேயே யாராவது பயன்படுத்தியாக வேண்டும். சேமித்து வைக்கும் வசதி மொத்தத் தேவையோடு ஒப்பிட்டால் இன்னும் சிறியதுதான். தேவையும் உற்பத்தியும் சமமாக இல்லாவிட்டால் மின் கட்டமைப்பின் (மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலை) அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60) என்ற அளவில் இருந்து விலகும், ரொம்ப விலகினால் சில பகுதிகளின் இணைப்பைத் துண்டித்துத்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும். மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பி எல்லாவற்றையும் போடும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகவே வருடத்தில் மிகச் சில மணி நேரம் மட்டும் ஓடும் மின் நிலையங்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள், அவற்றின் செலவு எல்லார் பில்லிலும் இருக்கிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும், ஆக உச்ச நேரத்தில் ஒரு யூனிட் நம் வீட்டுக்கு வந்து சேர வழியில் வீணாவதும் அதிகம். இப்போது சூரிய மின்சாரம் வந்த பிறகு நிலைமை இன்னும் கூர்மையாகிவிட்டது. நண்பகலில் தேவைக்கு மேல் கிடைக்கிறது, சூரியன் இறங்கும் நேரத்தில் சரசரவென்று மற்ற நிலையங்களை ஏற்ற வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் கட்டமைப்பை இயக்கும் அமைப்பு 2013 இல் இதை ஒரு வரைபடமாகப் போட்டது, கோடு வாத்து மாதிரி வளைந்திருந்ததால் உலகம் முழுக்க அதை வாத்து வளைவு என்றே சொல்கிறார்கள்.

இதில் ஒரு வரிகூட எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இல்லை. இலைப் படம் போட்டு பூமியைக் காப்போம் என்று எழுதியிருந்தார்கள். ஏன் மாலையில் குறைக்க வேண்டும், ஏன் மதியம் போட்டால் நல்லது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும், மக்களுக்குப் புரியும். எதற்கு என்று தெரியாமல் ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னால் யாரும் நீண்ட நாள் மாற்ற மாட்டார்கள். அம்மாவுக்கு நான் இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் வாஷிங் மெஷின் மாலையில் இருந்து மதியத்துக்கு நகர்ந்தது. கழிவுக்காக இல்லை, "எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா எப்படி தாங்கும்" என்பதற்காக.

இனி நேரக் கட்டணம். எங்கள் திட்டத்தில் மூன்று படி: மதியமும் நள்ளிரவுக்குப் பிறகும் குறைவு, மாலை உச்ச நேரத்தில் அதிகம், மிச்ச நேரம் நடுத்தரம். இதில் நிறுவனம் செய்த ஒரு காரியத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். முதல் சில மாதங்கள் பழைய கட்டணத்திலேயே பில் போட்டு, புதுக் கட்டணத்தில் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பக்கத்திலேயே காட்டினார்கள். பயமில்லாமல் பழக்கத்தை மாற்றிப் பார்த்து, லாபம் என்று உறுதியான பிறகு மாறினோம். இந்த ஒப்பீடு இல்லாமல் நேரக் கட்டணத்துக்கு மாறச் சொன்னால் மாறாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு லாபம்? நகர்த்தக்கூடிய லோடு உள்ள வீடுகளுக்கு. வாஷிங் மெஷின், தொட்டியோடு கூடிய தண்ணீர் ஹீட்டர், பாத்திரம் கழுவும் மெஷின், தண்ணீர் மோட்டார், மின்சார வண்டி சார்ஜ் செய்வது. இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் போதும். பகலில் யாராவது வீட்டில் இருப்பதும் உதவும், இல்லையென்றால் டைமர் வேண்டும். நள்ளிரவில் மலிவு என்பதற்காக வாஷிங் மெஷினை ஓடவிட்டுத் தூங்குவதை நான் சொல்ல மாட்டேன். தூங்கும்போது இப்படிப்பட்ட மெஷின்களை ஓடவிட வேண்டாம் என்று தீயணைப்புத் துறையினரே சொல்கிறார்கள், கீழ்வீட்டுக்காரர்களுக்கும் தூக்கம் வேண்டும்.

யாருக்குக் கூடாது? இது முக்கியம், விளம்பரங்களில் வராது. மாலையில்தான் சமைக்க முடியும், மாலையில்தான் பிள்ளைகள் படிக்க முடியும். கைக்குழந்தையோ வயதானவரோ இருக்கும் வீட்டில் வெயில் காலத்தில் ஏசியையும் குளிரில் ஹீட்டரையும் கடிகாரம் பார்த்து அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது. மூச்சுக்கு உதவும் கருவி மாதிரி ஏதாவது ஓடும் வீட்டுக்கு நகர்த்த எதுவுமே இல்லை. ஒரு ஃபேன், நாலு விளக்கு, ஒரு ஃபிரிட்ஜ் என்று வாழும் சின்ன வீட்டுக்கும் அப்படித்தான். இவர்களையும் அதே கட்டணத்தில் தள்ளினால் வசதி உள்ள வீடு மிச்சம் பிடிக்கும், வசதி இல்லாத வீடு அதற்குப் பணம் கட்டும். எங்கள் நிறுவனத்தில் பழைய கட்டணத்துக்குத் திரும்ப வழி இருக்கிறது, ஆனால் அது ஆப்பில் மூன்று நான்கு பக்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது. முகப்பிலேயே இருக்க வேண்டியது அது.

நேரக் கட்டணம் என்பதும், மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்தச் சந்தையின் விலையை அப்படியே வீட்டுக்கு இறக்கிவிடுவதும் ஒன்று இல்லை. டெக்சாஸில் கிரிட்டி என்ற நிறுவனம் மொத்தச் சந்தை விலையை நேராக வீடுகளுக்குக் கொடுத்தது, சாதாரண நாட்களில் மலிவாகத்தான் இருந்தது. 2021 பிப்ரவரியில் கடும் குளிரில் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டு அங்கேயே நின்றது, சில நாட்களில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்த வீடுகள் உண்டு. முன்கூட்டியே எழுதிக்கொடுத்த, மேல்வரம்பு உள்ள கட்டணம் மட்டும் போதும் வீட்டுக்கு.

கழிவுத் திட்டம் பற்றி. எப்போதாவது கட்டமைப்பு திணறும் நாளுக்கு முந்தின நாள் ஒரு செய்தி வரும்: நாளை மாலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வழக்கத்தைவிடக் குறைத்தால் கழிவு. யோசனை நல்லது, வேலையும் செய்யும். கலிஃபோர்னியாவில் 2003, 2004 ஆண்டுகளில் நடந்த சோதனையில் இப்படி நெருக்கடி நாட்களில் மட்டும் விலையை ஏற்றியபோது வீடுகள் சராசரியாக 13 சதவீதம் அளவுக்கு உச்ச நேரப் பயன்பாட்டைக் குறைத்தன. பிரிட்டனில் 2022-23 குளிர்காலத்தில் 16 லட்சம் வீடுகளும் வணிகர்களும் சேர்ந்து இதே மாதிரித் திட்டத்தில் 3,300 மெகாவாட் மணி, அதாவது 33 லட்சம் யூனிட்டை உச்ச நேரத்தில் இருந்து எடுத்தார்கள். மக்கள் கேட்டால் செய்வார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? செய்தி அண்ணன் போனுக்குப் போகும். அவர் வேலையில் இருப்பார், பார்ப்பார், சரி என்று தட்டிவிடுவார், வீட்டில் சொல்ல மறந்துவிடுவார். அடுத்த நாள் அந்த நேரத்தில் அண்ணி வழக்கம்போல அயர்ன் பண்ணிக்கொண்டிருப்பார். அப்புறம் ஆப்பில் "இந்த முறை தவறவிட்டீர்கள்" என்று ஒரு வருத்த முகம் வரும். தவறவிட்டது யார்? அண்ணிக்கு யாரும் சொல்லவே இல்லையே. சுவரில் ஒரு திரை தொங்குகிறது, அதில் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு வரி ஓடினால், இல்லை ஒரு நீல விளக்கு எரிந்தால் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கருவி இருந்தும் அதை இதற்குப் பயன்படுத்தாமல் விட்டதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இப்போது நாங்களே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்கிறோம், அண்ணன் செய்தி வந்ததும் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார், அதன் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை.

இன்னொரு குறை கழிவைக் கணக்கிடும் முறை. உங்கள் முந்தைய சில நாட்களின் அதே நேரப் பயன்பாட்டைச் சராசரி எடுத்து, அதில் இருந்து எவ்வளவு குறைத்தீர்கள் என்று பார்க்கிறார்கள். ஏற்கனவே எல்லாவற்றையும் மதியத்துக்கு நகர்த்திய வீட்டுக்குக் குறைக்க என்ன மிச்சம் இருக்கும்? கட்டுப்பாடே இல்லாமல் இழுப்பவர் ஒரு நாள் அணைத்தால் அவருக்குக் கழிவு, தினமும் ஒழுங்காக இருப்பவருக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதிக் கேட்டேன், கணக்கு முறை அப்படி என்றுதான் பதில்.

நிறுவனமே தொலைவில் இருந்து ஏசியையோ ஹீட்டரையோ கொஞ்ச நேரம் தணிக்கும் ஏற்பாடும் கொடுக்கிறார்கள். எங்கள் ஹீட்டருக்கு மட்டும் எடுத்தோம், தொட்டியில் வெந்நீர் இருப்பதால் ஒரு மணி நேரம் அணைந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஏசிக்கு எடுக்கவில்லை. எடுப்பதாக இருந்தால், வேண்டாம் என்று அந்த நேரத்திலேயே நாமே மீறிப் போட்டுக்கொள்ள சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆப்பில் மட்டும்தான் என்றால் வீட்டில் இருப்பவருக்கு அது இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். அரை மணி நேரக் கட்டங்கள், அழகான நிறங்கள், ஆனால் நேற்றையதைத்தான் காட்டுகிறது, இப்போதையதை இல்லை. ஒரு கணக்குக்கு ஒரே எண், அம்மா போனில் போட முடியாது. எந்தக் கருவி எவ்வளவு எடுத்தது என்று பிரித்துக் காட்டுவதாகச் சொல்கிறது, அண்ணி துணி தேய்த்த மதியத்தை ஏசி என்று எழுதியது. ஒரே மீட்டரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து உள்ளே எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் நுட்பம் பழசுதான், 1980களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் தொடங்கியது, ஆனால் அதற்கு நொடிக்கு நொடி அளவு வேண்டும், அரை மணிக்கு ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஊகம்தான் செய்ய முடியும். ஊகம் என்று போட்டுவிட்டால் பரவாயில்லை, உறுதியாகத் தெரிந்தது போல வட்டப் படம் போடுவது சரியில்லை. கூகுள் 2009 இல் பவர்மீட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்து 2011 இல் மூடியது, மைக்ரோசாஃப்டின் ஹோம் சேவையும் அதே 2009 இல் வந்து 2012 இல் போய்விட்டது. அவ்வளவு பெரிய நிறுவனங்களாலேயே மின்சார வரைபடத்தைத் தினமும் மக்களைத் திறக்கவைக்க முடியவில்லை, ஆப் ஒன்றே போதும் என்று இன்னும் நினைப்பவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மாத அறிக்கையில் உங்களைப் போன்ற வீடுகளைவிட நீங்கள் அதிகம், குறைவு என்று ஒரு பட்டை இருக்கும். இதற்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் வெஸ்லி ஷுல்ட்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் வீட்டுக் கதவுகளில் சீட்டு மாட்டிச் செய்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. அக்கம்பக்கத்துச் சராசரியைச் சொன்னதும் அதிகம் எடுத்தவர்கள் குறைத்தார்கள், ஆனால் குறைவாக எடுத்தவர்கள் கூட்டிவிட்டார்கள், நமக்குத்தான் இடம் இருக்கிறதே என்று. அந்தச் சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்ததும் அவர்கள் கூட்டுவது நின்றது. அதே 2007 இல் தொடங்கிய ஓபவர் நிறுவனம் இந்த மாதிரி அறிக்கைகளை லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியது, அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஹன்ட் ஆல்காட் சராசரியாக 2 சதவீதம் குறைந்தது என்று கண்டார். ஒரு தாளுக்கு 2 சதவீதம் மோசமில்லை. ஆனால் எங்களுக்கு வரும் அறிக்கை, ஆறு பேர் வாழும் வீட்டை வீட்டின் பரப்பளவை மட்டும் வைத்து இரண்டு பேர் வாழும் வீடுகளோடு ஒப்பிடுகிறது. எத்தனை பேர் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அம்மா அதைப் படித்துவிட்டு நாம ரொம்ப வீணாக்கறோம்போல என்று வருத்தப்பட்டார், வெயிலில் ஃபேனை அணைக்கப் பார்த்தார். தப்பான ஒப்பீடு உடம்பைக் கெடுக்கும் அளவுக்குப் போகலாம், இதை நிறுவனங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தனியுரிமை பற்றி ஒரு வார்த்தை. அரை மணி நேர ரீடிங்கைப் பார்த்தால் வீட்டில் எப்போது எழுகிறார்கள், எப்போது வீடு பூட்டியிருக்கிறது, யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். 2009 இல் நெதர்லாந்தின் மேலவை, ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை முக்கியமாக இந்தக் காரணத்துக்காகவே நிறுத்தியது, பிறகு வேண்டாம் என்பவர் மறுக்கலாம் என்று திருத்தப்பட்டுத்தான் அந்தச் சட்டம் வந்தது. எங்கள் சேவையில் நாளுக்கு ஒரு ரீடிங் போதும் என்று தேர்வு செய்யலாம், ஆனால் அப்படிச் செய்தால் நேரக் கட்டணம் கிடைக்காது. அந்த நிபந்தனை நியாயமானதுதான். மூன்றாம் ஆளுக்குக் கொடுப்போம் என்ற ஒரு டிக் மட்டும் முன்பே போடப்பட்டு வருகிறது, எடுத்துவிடுங்கள்.

பொருத்துவது பெரிய வேலை இல்லை, கொஞ்ச நேரம் கரன்ட் இருக்காது, அவ்வளவுதான். எங்கள் மீட்டர் இரும்புப் பெட்டிக்குள் இருந்ததால் சிக்னல் போகாமல் முதல் இரண்டு பில்லும் உத்தேசக் கணக்கில் வந்தன. போன் செய்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள் என்றே சொன்னார்கள், கடைசியில் வந்து வெளியே ஒரு ஆன்டெனா வைத்த பிறகு சரியானது. நிறுவனத்தை மாற்றும் வசதி உள்ள இடத்தில் இருப்பவர்கள், மாற்றினால் மீட்டர் தொடர்ந்து ஸ்மார்ட்டாகவே இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் முதல் தலைமுறை மீட்டர்கள் பல, வாடிக்கையாளர் நிறுவனம் மாறியதும் சாதாரண மீட்டராகிப்போயின.

எடுக்கலாமா? டிஸ்பிளேயோடு வந்தால் எடுங்கள், ஆப் மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். நேரக் கட்டணத்துக்குப் போகும் முன் ஒப்பீட்டு பில், திரும்பி வரும் வழி, மேல்வரம்பு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். நான் நிறுவனத்துக்கு அனுப்பிய கோரிக்கையில் இரண்டே விஷயம்தான் கேட்டிருக்கிறேன்: ஒரு கணக்கில் இரண்டாவது, மூன்றாவது போன் எண்ணையும் சேர்க்க விடுங்கள், உச்ச நேர அறிவிப்பைச் சுவர்த்திரையிலும் காட்டுங்கள். இரண்டுக்கும் புது மீட்டர் தேவையில்லை. பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.